ரேடியோக்காரம்மா தேர்தலில் நிற்கிறாள்

புதுவாயல்,
ஆனி 29, திங்கட்கிழமை, 1970.

என் அருமை மகள் சௌபாக்கியவதி வைஜயந்திக்கு அப்பா தணிகாசலம் மனம் நிறைய ஆசி கூறி எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, சின்னப்பொண்ணு அத்தை, இரண்டு எருமைகள் எல்லோரும் சுகமாக இருக்கிறோம். அங்கே ரூர்கேலாவில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் சின்ன உயிரும் சுகம் என்று உன் கடிதத்தில் கண்டு சந்தோஷப்பட்டேன். கால் வீக்கம் குறைந்ததா என்று நீ எழுதவில்லை, அதை மட்டும் உடனே எழுது. உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அப்பாவுக்கு மட்டும் என்று உறைமேல் கோடு போட்டு எழுதியிருந்தாய், தபால்காரர் அதை அம்மாவின் கையில்தான் கொடுத்துவிட்டுப் போனார். அவள் பிரிக்காமல் கொண்டுவந்து என்னிடம் நீட்டி, "உங்களுக்கு மட்டுமாம், அப்படின்னா என்னைப் பற்றித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். அவள் வயிற்றில் பிறந்து இத்தனை வருஷம் வளர்ந்தும் அவளிடம் ரகசியம் வைக்கலாம் என்று நினைத்தாயே, அதைச் சொல்.

பஞ்சாயத்துத் தலைவர் தேர்தல் நமக்கு வேண்டாம் என்று சொல்லி அம்மாவை நிறுத்துங்கள், பதினோரு வருஷம் ரேடியோவில் பேசிச் சேர்த்த நல்ல பெயரைத் தெருவில் போட்டு மிதிக்க விடாதீர்கள், அடுத்த ரயிலிலேயே அவளை இங்கே அனுப்புங்கள் என்று எழுதியிருக்கிறாய். டாக்டரம்மா உன்னை ரயில் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வர முடியாத பெண் தாயைக் கூப்பிடுவதில் நியாயம் இருக்கிறது, மாமியாரும் இல்லாத வீடு, எனக்குப் புரிகிறது. நான் ஒரு வேளை சாப்பிடாமல் படுத்துக்கொண்டால் அம்மா வழிக்கு வந்துவிடுவாள் என்று யோசனையும் சொல்லியிருக்கிறாய். கல்யாணமான புதிதில் அதையும் செய்து பார்த்தவன்தான் நான். அவள் என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படிக்க உட்கார்ந்துவிட்டாள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன் கண்ணு. நான் அவளைத் தடுக்க மாட்டேன். தடுக்க எனக்கு வாயும் இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாக இருக்கும், மாப்பிள்ளை வேலைக்குப் போன பிறகு காலை நீட்டி உட்கார்ந்து படி.

உன் அம்மாவை உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். உனக்குத் தெரிந்தது பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னி அனுப்பிய அம்மா. அவள் திருவள்ளூரில் தமிழ்ப் பண்டிதர் மகளாகப் பிறந்து, பதினேழு வயதில் எட்டாவதோடு நின்றுபோன என்னைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவள். கொண்டுவந்த டிரங்குப் பெட்டியின் கனத்தைப் பார்த்துவிட்டு, பண்டிதர் மகளுக்கு உள்ளே அவ்வளவும் நகை என்று வண்டிக்காரன் ஊரெல்லாம் சொல்லிவிட்டான். திறந்து பார்த்தால் அடியோடு புத்தகம், மேலே இரண்டு புடவை. நீ தொட்டிலில் கிடந்தபோது ஒரு காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே வித்துவான் பரீட்சைக்குப் படித்தாள், தேறவும் தேறினாள். ஏரி மதகுக்குப் பக்கத்தில் பாதி புதைந்து கிடந்த கல்லில் நாங்கள் தலைமுறை தலைமுறையாக அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தோம். அவள்தான் அதில் எழுத்து இருக்கிறது என்று கண்டுபிடித்தாள். கோலமாவைத் தடவி, துணியால் ஒற்றித் துடைத்து, சென்னையில் ஒரு பேராசிரியருக்குக் கடிதம் எழுதி எழுதியே பழைய எழுத்தைக் கற்றுக்கொண்டு, மூன்று மாதத்தில் படித்து முடித்தாள். ஏரிக்குக் கரை போட்டது யார், மதகு பார்ப்பவனுக்கு எத்தனை மரக்கால் நெல் என்றெல்லாம் அதில் இருந்தது. கடைசி இரண்டு வரி உடைந்துபோயிருந்தது. அந்த இரண்டு வரிக்காக அவள் ஒரு கோடைகாலம் முழுக்க ஏரிக்கரையில் உடைந்த துண்டைத் தேடினாள், கிடைக்கவில்லை. நடவுக்கு வரும் பெண்கள் இந்தம்மாவுக்கு வெயில் ஏறிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். எனக்கும் கொஞ்சம் அந்தச் சந்தேகம் இருந்தது.

ரேடியோவுக்கு அவள் போனது தற்செயல்தான். நீ ஏழாவது படித்தபோது சென்னை ரேடியோ ஸ்டேஷனிலிருந்து நடவுப் பாட்டைப் பதிவுபண்ண மெஷினோடு வந்தார்கள். மைக்கைக் கண்டதும் நம் பெண்கள் வாயைத் திறக்கவில்லை. அம்மா சேற்றில் இறங்கி நாற்றைக் கையில் பிடித்துத் தானும் நட்டுக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள், அப்புறம் பாட்டு வந்தது. வந்த அதிகாரி பாட்டை விட்டுவிட்டு அம்மாவின் குரலைப் பிடித்துக்கொண்டார். கிராமத்து நிகழ்ச்சியில் பேச அழைப்பு வந்தது. முதல் பேச்சை ஊரே பஞ்சாயத்து ரேடியோவுக்குக் கீழே உட்கார்ந்து கேட்டது. மறுநாள் நம் வயலில் களை எடுக்க வந்த ரோசம்மாள், "நீ பேசினது ஷோக்காத்தான் இருந்துச்சிம்மா, இன்னா பேசினேன்னுதான் ஒண்ணும் புரியல" என்று சொல்லிவிட்டாள். வேறு பண்டிதராக இருந்தால் அவளை முறைத்திருப்பார். உன் அம்மா அன்று சாப்பிடவில்லை. அடுத்த பேச்சை எழுதியதும் தாளை எடுத்துக்கொண்டு வரப்புக்குப் போய், ரோசம்மாள் களை எடுக்க எடுக்கப் படித்துக் காட்டினாள். எங்கே அவள் கை நின்று நிமிர்ந்து பார்க்கிறாளோ அங்கே புரியவில்லை என்று அர்த்தம், உடனே பென்சிலால் ஒரு கோடு. பதினோரு வருஷமும் இதுதான் முறை. ரேடியோவில் எழுதிக் கொடுத்ததை அப்படியே படிக்க வேண்டும், ஒரு சொல் கூட மாற்றக் கூடாது. அதனால் மாற்ற வேண்டியதை எல்லாம் ரோசம்மாளிடம் மாற்றிக்கொண்டு, பதினைந்து நாளுக்கு ஒரு வியாழக்கிழமை பொன்னேரி போய்ப் பாசஞ்சர் பிடிப்பாள். தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு உன் அம்மாவின் குரல் தெரியும். அந்தக் குரலை முதலில் கேட்டுத் தேற்றிவிட்டது கையெழுத்துப் போடத் தெரியாத ஒருத்தி என்று யாருக்கும் தெரியாது.

இப்போது தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன், நீ அரைகுறையாகக் கேள்விப்பட்டதை நான் முழுசாகச் சொல்கிறேன். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் பொங்கல் சமயம் அம்மா நம் ஊர்த் தண்ணீரைப் பற்றி ஒரு பேச்சுப் பேசினாள். கிழக்கே கடல் பக்கம் எங்கே தோண்டினாலும் உப்பு, அதை ஒட்டியே எங்கள் ஊரில் எந்தக் கோடையிலும் வற்றாத இனிப்புத் தண்ணீர், பருப்பு நிமிஷத்தில் வேகும், வெல்லம் போடாத பாயசம் மாதிரி இருக்கும் என்றெல்லாம் பெருமையாகச் சொன்னாள். ஊர் குளிர்ந்துபோயிற்று. கொஞ்ச நாளில் ஜி.என்.டி. ரோடு ஓரத்தில் நிறைய நல்ல தண்ணீர் தேவைப்படும் ஒரு கம்பெனி வந்தது. முதலில் அவர்கள் போட்ட போர்க் கிணறு இரண்டும் உப்பு. அப்புறம் ஏரிக்கு மேற்கே புன்னைத் தோப்புக்குப் பக்கத்தில் மனை வாங்கி மூன்று போர் இறக்கினார்கள், மூன்றிலும் தித்திப்பு. இரவு பகல் மோட்டார் ஓடுகிறது. போன கோடையில் முதலில் ரோசம்மாள் தெருக் கிணறு வற்றியது, பிறகு கோயில் கேணி, இந்தக் கோடையில் நம் வயல் கிணறும் மணலைக் காட்டிவிட்டது. சொர்ணவாரிப் பட்டத்து நெல் கதிர் விடும் சமயத்தில் பாதி வயலைக் காயவிட்டு மீதியைக் காப்பாற்றி வருகிறேன். பெண்கள் ஆரணியாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பி ஒன்றரைக் கல் நடக்கிறார்கள். போன மாதம் ரோசம்மாள் மருமகள் எட்டு மாதக் கர்ப்பத்தோடு குடம் தூக்கி வரும்போது வழியில் விழுந்தாள், நல்லவேளை தப்பித்தாள். அன்று ரோசம்மாள் நம் வீட்டு வாசலில் வந்து நின்று, "ரேடியோவுல பேசிப் பேசி ஊர்த் தண்ணிய வித்துட்டியேம்மா" என்று கத்தினாள். உன் அம்மா உள்ளே இருந்து வந்து அவள் எதிரில் நின்று கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டாள். 

அடுத்த வாரம் பஞ்சாயத்து ஆபீசுக்கு எதிரில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். தலைவர் ஆதிகேசவன் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், கம்பெனி வந்தால் நாலு பையன்களுக்கு வேலை கிடைக்கும் என்று நினைத்தார், கிடைக்கவும் கிடைத்தது, ரோசம்மாள் மகன் ஜெயராஜே அங்கேதான் வேலை செய்கிறான். ஆனால் அந்த மோட்டார்களுக்குப் பஞ்சாயத்து அனுமதி தர வேண்டும், அந்தத் தீர்மானத்தை இரண்டு வருஷமும் அம்மா ரிக்கார்டிங்குக்குப் போகும் வியாழக்கிழமையாகப் பார்த்துப் போட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டார். அம்மா அஞ்சு வருஷமாகப் பஞ்சாயத்தில் பெண் உறுப்பினர், டீயைக் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போடத்தான் அந்த நாற்காலி என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். கூட்டத்தில் அவள் எழுந்து, கையில் தாள் இல்லாமல், "தப்பு என்னுடையது. பெருமைக்காகப் பேசினேன். அதனால் வந்ததை நானே சரி செய்கிறேன். அந்த அனுமதி ஒரு வருஷத்துக்குத்தான், புரட்டாசியில் மறுபடி பஞ்சாயத்துக்கு வரும். அன்றைக்குத் தலைவர் நாற்காலியில் நான் இருப்பேன்" என்று சொன்னாள். கம்பெனியை மூடச் சொல்லவில்லை அவள். வேலை இருக்கட்டும், மோட்டார் பகலில் ஆறு மணி நேரம் ஓடினால் போதும், மீதிக்கு அவர்கள் வேறு வழி பார்த்துக்கொள்ளட்டும், ஊர்க் கிணறு முதலில் நிரம்பட்டும் என்றுதான் கேட்கிறாள். அந்தக் கூட்டத்தில் நான் மாட்டுப் பட்டிச் சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். தலையைக் குனிந்தபடிதான் நின்றேன்.

தேர்தலில் நின்றால் ரேடியோவில் பேச முடியாது என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள், அது விதி, அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜெயித்துவிட்டால் தலைவராக இருக்கும்வரை கிடையாது. பதினோரு வருஷம் பழகிய அதிகாரி, யோசித்துச் செய்யுங்கள் அம்மா என்று இரண்டு தடவை சொன்னாராம். கடைசிப் பேச்சு முடிந்து வந்த அன்று பொன்னேரி ஸ்டேஷனுக்கு வண்டி கட்டிக்கொண்டு நான் போயிருந்தேன். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். உன் அம்மா அழுது பார்த்திருக்கிறாயா நீ? நான் அதற்கு முன் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். புதுவாயல் கூட்ரோடு வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரேடியோவில் பேசும்போது யாரும் எதிர்த்துக் கேட்க முடியாது. அதனால்தான் எனக்கு அது அவ்வளவு பிடித்திருந்தது போல" என்று சொன்னாள். மறுநாள் காலை வேட்புமனு கொடுத்துவிட்டாள். சின்னம் குடம் வேண்டும் என்று கேட்டாள், கொடுத்தது சைக்கிள். ஏறத் தெரியாதவளுக்குச் சைக்கிள் என்று ஊர் சிரித்தது, அவளும் சேர்ந்து சிரித்தாள்.

ஓட்டுக் கேட்பதிலும் அவள் வாத்தியாரம்மாதான். நம் பக்கத்து இளவட்டங்கள் வந்து, ஏரித் தண்ணீர் ஊருக்கே சொந்தம், வெளியார் தொட்டால் குலம் நாசம் என்று அந்தக் கல்லில் எழுதியிருப்பதாகச் சொல்லுங்கள் அம்மா, நீங்கள் சொன்னால் யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள், ஊர் மொத்தமும் நம் பக்கம் வந்துவிடும் என்றார்கள். அவளுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "அந்த ரெண்டு வரி உடைஞ்சிருக்கு. இல்லாததை நான் படிக்க மாட்டேன். அப்படிப் படித்து ஜெயித்தால் எனக்கும் ஆள் இல்லாத நாள் பார்த்துத் தீர்மானம் போடுகிறவனுக்கும் என்ன வித்தியாசம்" என்று விரட்டிவிட்டாள். ஒரு பையன் என்னிடம் வந்து, "நைனா, அம்மாவுக்கு அரசியல் ஒத்துவராது, பேஜாராப் பூடும்" என்று வருத்தப்பட்டான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் அன்று அவளைப் பார்க்க எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். இதை எழுதப் பேனா இரண்டு முறை நின்றது. உன் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தாய், அம்மா தெரியாமல் செய்த ஒரு தப்புக்காக இவ்வளவு அவமானம் படவேண்டுமா என்று. அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. அந்தத் தப்பு அம்மா செய்ததே இல்லை கண்ணு. அவள் ரேடியோவில் பேசிய பேச்சில் தண்ணீர் எந்த இடத்தில் என்று ஒரு வார்த்தை இல்லை. அதை ஊர்க்காரர்கள் வெளியாருக்குச் சொல்வதில்லை, அது நமக்குள் வழக்கம், பெண் கொடுத்த ஊரானுக்குக் கூட நீரோட்டம் எது வழியாகப் போகிறது என்று காட்ட மாட்டோம். கம்பெனியின் போர் இரண்டும் உப்பாகப் போன பிறகு, அந்த வருஷம் ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை அந்த மானேஜர் காரில் வந்து நம் வாசலில் இறங்கினார். அம்மா சென்னைக்குப் போயிருந்தாள். ரேடியோவில் பேசுகிற அம்மா வீடு இதுதானே, நாங்கள் வீட்டில் எல்லோரும் கேட்போம், அவர் புருஷரா நீங்கள், கொடுத்து வைத்தவர் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. உட்கார வைத்து மோர் கொடுத்தேன். உங்கள் ஊர்த் தண்ணீர் தித்திப்பு என்று அம்மா சொன்னார்களே, எங்களுக்கு உப்புதான் வருகிறது, வேறு ஊர் பார்க்கப் போகிறோம் என்று சிரித்தபடி சொன்னார். என் பெண்டாட்டி பொய் சொன்னாள் என்று அவர் நினைத்துவிட்டால்? அது ஒன்றுதான் எனக்குத் தோன்றியது. அவரைக் கூட்டிக்கொண்டு புன்னைத் தோப்புக்குப் போய், கேணியில் இறங்கி, சொம்பில் மொண்டு கொடுத்தேன். மூன்று சொம்பு குடித்தார். இந்தப் புன்னை மரத்திலிருந்து மதகு வரைக்கும் எங்கே தோண்டினாலும் உப்புத் தட்டாது சார், எங்கள் அப்பா காலத்திலிருந்து தெரியும் என்று கையை நீட்டிக் காட்டினேன். அவர் கேட்கவே இல்லை, நானாகக் காட்டினேன். அவர் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். அடுத்த மாதமே சென்னையில் இருந்த மனைக்காரரிடம் அந்த இடத்தை வாங்கிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் அம்மா வந்ததும் பெருமையாகச் சொன்னேன், உன் பேச்சைக் கேட்டு மானேஜரே வந்தார், தண்ணீரைக் காட்டி உன் வார்த்தையைக் காப்பாற்றினேன் என்று. அவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்று, "எந்த மரம் வரைக்கும் காட்டினீங்க" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன்.  ஏன் கேட்டாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை, கிணறு வற்றிய பிறகுதான் புரிந்தது. ரோசம்மாள் வாசலில் கத்தியபோது நான் உள்ளே நெல் அவித்துக்கொண்டிருந்தேன், ஊர்க்கூட்டத்தில் தப்பு என்னுடையது என்று அவள் சொன்னபோது சுவர் ஓரம் நின்றுகொண்டிருந்தேன். வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து, நான் சொல்லிவிடுகிறேன் செண்பகம் என்றேன். "யார் காட்டினால் என்ன, குடத்துக்குத் தண்ணீர் வர வேண்டும், நீங்கள் சும்மா இருங்கள்" என்றாள். சும்மா இருக்கச் சொன்னது எனக்கு வசதியாகப் போயிற்று, அதில் ஒட்டிக்கொண்டேன். ஊர்த் தண்ணீரை விற்றவளுக்கா ஓட்டு என்று எதிர்க்கட்சிக்காரர்கள் சுவரில் கரியால் எழுதினார்கள், அதையும் பார்த்துக்கொண்டு போனேன் வந்தேன். நீயும் அதையே நம்பிக்கொண்டிருக்கிறாய் என்று உன் கடிதத்தில் பார்த்ததும்தான் எனக்கு என்னையே பிடிக்காமல் போயிற்று.

சனிக்கிழமை சாயங்காலம் பஞ்சாயத்து ரேடியோவுக்கு முன்னால் கிராமத்து நிகழ்ச்சி கேட்க அறுபது எழுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா பேசுகிற இடத்தில் வேறு யாரோ ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். ரேடியோ பார்த்துக்கொள்ளும் சுப்பிரமணியிடம் போய் நிறுத்தச் சொன்னேன். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து அவன் சட்டென்று திருகிவிட்டான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கூட்டத்தில் பேசியவன் இல்லை நான். "கம்பெனிக்காரனுக்குத் தண்ணி இருக்கிற எடத்த காட்டினது என் சம்சாரம் இல்ல, நானு. அது ஊட்ல இல்லாதப்போ நான்தான் கூட்டிக்கினு போயி, மரத்தக் காட்டி, மொண்டு குடிக்கக் குடுத்தேன். இத்தினி நாளு சொல்லாம இருந்துட்டேன்" என்று சொன்னேன்.  ரோசம்மாள் எழுந்தாள். "இத்தினி நாளா பொண்டாட்டி பின்னால ஒளிஞ்சிகினு இருந்தியா நைனா? அந்தம்மா தெருத்தெருவா ஏச்சு வாங்கிகினு இருந்துச்சே, உனக்குச் சோறு எறங்குச்சா?" என்று கேட்டாள். இறங்கியது என்றுதான் சொன்னேன். பொய் சொல்வதற்காக நான் அங்கே போகவில்லை. ஆதிகேசவனின் ஆள் ஒருத்தன், "புருசன் காட்டினா இன்னா, பொண்டாட்டி காட்டினா இன்னா, ரெண்டும் ஒரே ஊடுதானே" என்றான்.  திட்டிக்கொண்டே பாதிப் பேர் கலைந்து போனார்கள். இதனால் அவளுக்கு ஓட்டுக் கூடுமா குறையுமா என்று எனக்குத் தெரியாது, ஓட்டுக்காக நான் சொல்லவும் இல்லை.

நான் வீடு வந்து சேர்வதற்குள் சேதி வந்து சேர்ந்துவிட்டது. அம்மா ஞாயிறு மத்தியானம் வரைக்கும் என்னோடு பேசவில்லை.  மத்தியானம் மோர் ஊற்றும்போது, "முன்னாடியே எழுதிக் காட்டியிருந்தால் நாலு இடம் திருத்திக் கொடுத்திருப்பேனே, மொண்டு குடிக்கக் கொடுத்தேன்னு ஏன் சொன்னீங்க, கேட்கிறவனுக்கு வயிறு எரியாதா" என்றாள். அப்புறம் என் எதிரில் உட்கார்ந்து, நான் தோற்றால் அது என் தோல்வி, உங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டு மூலையில் படுத்துவிடாதீர்கள், நாளையிலிருந்து என்னோடு தெருவுக்கு வாருங்கள், பின்னால் அல்ல, பக்கத்தில் என்றாள். இன்று காலை போனேன். ஏழு தெரு நடந்தோம். நாலு வீட்டில் கதவைச் சாத்தினார்கள், ஒரு வீட்டில் என் முகத்துக்கு நேராகக் காலிக்குடத்தைத் தூக்கிக் காட்டினார்கள். நின்று பார்த்தேன், பார்க்க வேண்டியவன்தானே. திரும்பி வந்தால் ரோசம்மாள் நம் வாசலில் நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அம்மாவிடம், "சாயங்காலம் எந்தத் தெரு? எங்க தெருவுல நீ தனியா வராத, நான் கூட வரேன். அப்புறம் இன்னா பேசப்போறன்னு மொதல்ல எனக்குப் படிச்சிக் காட்டு" என்றாள். இப்போது இரண்டு பேரும் தாளை வைத்துக்கொண்டு கூடத்தில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் இதை எழுதுகிறேன்.

ஆகவே வைஜயந்தி, அம்மாவை நிறுத்து என்று இனிமேல் எழுதாதே. அவள் நிற்கிறது என் தப்பைத் துடைக்க மட்டும் இல்லை, குடம் தூக்கி விழுந்த அந்தப் பெண்ணுக்காகவும்தான், அவளுக்கும் உன் வயதுதான், உன் மாதம்தான். உன் பிரசவத்தை நாங்கள் மறந்துவிடவில்லை. ஆடி பத்து வாக்கில் என்று டாக்டரம்மா சொன்னதாக எழுதியிருந்தாய். ஓட்டு வரும் ஞாயிற்றுக்கிழமை, அன்றே எண்ணிச் சொல்லிவிடுவார்கள். மறுநாள் திங்கட்கிழமை ஹவுரா மெயிலில் எங்களில் ஒருவர் ஏறுகிறோம், கரக்பூரில் இறங்கி மாறி உன்னிடம் வந்துவிடுவோம், முடிவு செய்தாகிவிட்டது. தோற்றால் அம்மா வருகிறாள். ஜெயித்தால் அவள் முதல் நாளே நாற்காலியில் உட்கார வேண்டும், அதனால் நான் வருகிறேன். சிரிக்காதே. சின்னப்பொண்ணு அத்தையிடம் பத்தியக் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டேன், பெருங்காயமும் பூண்டும் எவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறேன். குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டப் பூசணிக்காயை வைத்துப் பழகுகிறேன், அத்தை சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனாள், நேற்று வரைக்கும் இரண்டு காய் நழுவி உடைந்தது, இன்று உடையவில்லை. யார் வருகிறோம் என்று தந்தி கொடுக்கிறேன், மாப்பிள்ளையை ஸ்டேஷனுக்கு அனுப்பு.

கனமான வேலை செய்யாதே, கால் வீங்கினால் தலையணை மேல் தூக்கி வைத்துப் படு, உப்பைக் குறைத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் பிறக்கப்போகும் பிள்ளையும் எல்லா நலமும் பெற்று நீண்ட காலம் வாழ வேண்டும் என்று நானும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம். ஒன்று மட்டும் மறக்காதே. பிள்ளை பெறும் நேரத்தில் அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் எந்தப் பெண்ணும் ஆசைப்படுவாள், நீ ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து விளக்கேற்றும்போது, உன் பிரசவத்துக்கு அப்பாதான் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா,
தணிகாசலம்.